சாதனைக்குக் கொம்பு முளைத்த கதை

அச்சகத்தில் எல்லோரும் அவளை டிடிபி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே விசைப்பலகை. விசைகளின் மேல் இருந்த எழுத்துகள் எப்போதோ தேய்ந்து போயிருந்தன. இப்போது அவை அவளுடைய விரல் நுனிகளில் குடியிருந்தன.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் உள்ள எழுத்துப் பிழையெல்லாம் அவள் கண்ணைத் தேடி வந்து விழும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பல் மருத்துவமனைப் பலகை, ‘வழியில்லாமல் பல் பிடுங்கப்படும்’ என்று சிரிக்கும். அடுத்த நிறுத்தத்தில் முதியோர் இல்லம் தன் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு, ‘முதியோர் இல்ல’ என்று கையை விரிக்கும். பார்ப்பாள். மனசுக்குள் திருத்துவாள். இறங்கிப் போய்விடுவாள். வெளியே சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் இருந்த ஒரு பிழையைச் சொன்னதற்காக ஒரு மணி நேரம் வகுப்புக்கு வெளியே நின்றவள் அவள். வாய்க்கும் வாசலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, ஒன்று திறந்தால் மற்றதும் திறந்து நம்மை வெளியே தள்ளிவிடும் என்று அன்றைக்கே புரிந்துகொண்டாள்.

அச்சகத்துக்கும் அந்தச் சுபாவம் பொருந்தித்தான் இருந்தது. ஒருமுறை முதலாளி நல்ல மனசோடு ஒரு வாடிக்கையாளரின் பெயரில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட, அந்த ஆள், “எங்கப்பா வச்ச பேர்ல கை வைக்க நீ யாருய்யா?” என்று வந்து நின்றார். மறுநாளே முதலாளி ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தார். ‘உள்ளபடி’. எழுதிக் கொடுத்த தாளில் அந்த முத்திரை விழுந்துவிட்டால் அதன்பிறகு ஒரு புள்ளிகூட நகராது.

அந்தத் தாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கலைத் திறமையையும் தொழில்நுட்பத் திறமையையும் ஊரே கூடிக் கொண்டாட வேண்டும் என்று ஒரு குழு ஏற்பட்டிருந்தது. பெயர், சமூக ஆதரவுக் குழு. தலைவர் மெத்தைக்கடைக்காரர். ‘முதுகுக்கும் ஆதரவு, மாணவர்க்கும் ஆதரவு’ என்பது அவர் கடை வாசகம். செயலாளர், கல்வி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. ஓய்வு பெற்ற விஷயம் ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அவர் கைப்பட எழுதிய தாளில் தலைவரின் கையெழுத்து, குழுவின் வட்ட முத்திரை, தேதி எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. நடுவில் கொட்டை எழுத்தில்:

‘மாணவர் சோதனை விழா.’

டிடிபி அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மனிதர் சாதனை என்று எழுதத்தான் வந்திருக்கிறார். எழுதுவதற்கு முன்னால், பேனாவில் மை இறங்குகிறதா என்று பார்க்க ஒரு சுழி போட்டிருக்கிறார். அந்தச் சுழி சரியாக ‘சா’வுக்கு முன்னால் போய் உட்கார்ந்து இரட்டைக் கொம்பாகிவிட்டது. சாதனைக்குக் கொம்பு முளைத்துச் சோதனையாகிவிட்டது.

வேறு எந்தத் தாளாக இருந்தாலும் முத்திரையைக் குத்திவிட்டு அடித்து முடித்திருப்பாள். இது மகள் மேடையேறப்போகும் விழா.

மகளை வகுப்பில் ஸ்க்ரூ என்பார்கள். எட்டாவது படிக்கிறாள். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ஸ்க்ரூ கிலுகிலுக்கும். அச்சகத்தில் உயிரை விட்ட பிரிண்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றி, வீணான போஸ்டர் அட்டைகளில் சிறகு வெட்டி, மிஞ்சிப்போன மையால் இறகு இறகாக வண்ணம் தீட்டி அவள் ஒரு பறவை செய்திருந்தாள். கூரையிலிருந்து நூலில் தொங்கும். கைதட்டல் சத்தம் கேட்டால் சிறகடித்து வட்டமாகப் பறக்கும். தட்டுவது நின்றால் அதுவும் நின்றுவிடும். விழாவில் அதைக் காட்ட அவளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூன்று நிமிடத்துக்காக வீட்டில் மூன்று மாதமாக யாரும் கொசு அடிக்கவில்லை. அடித்தால் பறவை கிளம்பிவிடும்.

“ஊர்ல எல்லாரும் கொசு கடிச்சா அடிக்கிறாங்க. நான் மட்டும் கொசுகிட்ட கெஞ்சிக்கிட்டிருக்கேன்” என்பான் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் டிடிபி அக்காவின் கணவன். ஆனாலும் அந்தப் பறவையின் சிறகு மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் கொடுத்தது அவன்தான்.

டிடிபி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு செயலாளருக்குப் போன் செய்தாள்.

“சார், தலைப்புல சோதனைன்னு இருக்கு. சாதனைன்னு இருக்கணுமோன்னு...”

“தலைவர் கையெழுத்து இருக்கா?”

“இருக்கு சார்.”

“முத்திரை இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்னம்மா, ‘இருக்கணுமோ’? எல்லாம் இருக்கில்ல?”

போனை வைத்துவிட்டார். அவள் ‘உள்ளபடி’ முத்திரையை எடுத்துக் குத்தினாள். மாலைக்குள் அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாகக் கிளம்பிப் போயின.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். கண்ணுக்குள் அந்தக் கொம்பு குத்திக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் ஓர் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு குழுவின் கூட்டத்துக்கே போய்விட்டாள்.

கூட்டம் மெத்தைக்கடையில்தான் நடக்கும். நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளின் மேல் குழு உட்கார்ந்திருந்தது. யாராவது அசைந்தால் பிளாஸ்டிக் நறநறக்கும். ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு சாண் மேலே போய்க் கீழே வருவார். அதனால் அந்தக் குழுவில் யாரும் எதற்கும் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்ததில்லை.

“ஒரு கொம்பு அதிகமா இருக்கு சார்” என்றாள்.

தலைவர் புருவத்தைத் தூக்கினார். “யாருக்கும்மா கொம்பு முளைச்சிருக்கு? எனக்கா?”

“ஐயையோ, இல்ல சார். எழுத்துக்கு.” அழைப்பிதழைக் காட்டினாள்.

குழு அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. தண்ணீர் கேன் விற்பவர் தலைகீழாகவும் பார்த்தார். கடைசியில் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“இது முப்பத்திரண்டு ஆபீசுக்குப் போயிருக்கு. தப்புன்னு ஒத்துக்கிட்டா முப்பத்திரண்டு திருத்தம் அனுப்பணும். திருத்தத்துல தப்பு வந்தா, திருத்தத்துக்கு ஒரு திருத்தம். என் சர்வீஸ்ல இதுல மாட்டி ரெண்டு பேர் இன்னும் வீடு போய்ச் சேரல. சிறப்பு விருந்தினரா வர்ற பெரிய அதிகாரி வேற, சோதனைங்கற தலைப்புல பேச இருபத்தொரு பக்கம் தயார் பண்ணிட்டாராம். அதனால வார்த்தையை மாத்த வேண்டாம்.”

“அப்போ, சார்?”

“விழாவை மாத்திடலாம்.”

குழு நறநறவென்று ஆமோதித்தது. அகராதி வரவழைக்கப்பட்டது. சோதனை என்ற சொல்லுக்கு அதில் நாலு பொருள் இருந்தன. பரிசோதனை. தேர்வு. பை, பெட்டிகளைத் துழாவிப் பார்த்தல். துன்பம். நாலில் எதை நடத்துவது என்று கேள்வி வந்தது. ஒன்றை விட்டால் அகராதிக்கு மரியாதைக் குறைவு என்றார் செயலாளர். நாலும் நடத்துவதென்று முடிவாகி, நாலுக்கும் நாலு துணைக்குழு அமைந்தது.

தலைவருக்கு இப்போது உற்சாகம் பிறந்துவிட்டது. “யோசிச்சுப் பாத்தா இதாம்மா சரி. சாதனை யார் வேணா பண்ணலாம். வீட்ல சும்மா உக்காந்துக்கிட்டே பண்ணலாம். அதுல நமக்கு என்ன வேலை? சோதிக்கறதுலதான் ஆதரவு குடுக்கறவனுக்கு ஒரு இடம் இருக்கு. மெத்தை வாங்க வர்றவன் என்ன பண்றான்? உக்காந்து பாக்கறான், அமுக்கிப் பாக்கறான். அந்த மாதிரி புள்ளைங்களையும் நாம நாலு பேரு சேர்ந்து நல்லா அமுக்கிப் பாக்கணும்.”

“வினாத்தாள், சான்றிதழ், நிகழ்ச்சி நிரல் எல்லாம் நீயே அடிச்சுக் குடுத்துடும்மா” என்றார் செயலாளர். “உனக்குத்தான் எழுத்து மேல இவ்வளவு அக்கறை இருக்கே.”

வெளியே வந்தபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு பிழையைச் சொல்லப் போய் அதை நாலாக்கிக் கையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் நிகழ்ச்சி நிரல் வந்தது. வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை, ஆதரவாளர் உரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை, சிறப்புரை, நிறைவுரை. அடியில் ஒரே வரி: ‘மாணவர் நிகழ்ச்சி (நேரமிருந்தால்).’

அந்த அடைப்புக்குறியைத் திறக்கும்போது அவளுடைய சுண்டுவிரல் தயங்கியது. மகளை அடைப்புக்குறிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியதும் அதே சுண்டுவிரல்தான். வீட்டில் அவள் அதைச் சொல்லவில்லை. மகள் அன்று சாயங்காலம் பறவைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, மூணு நிமிஷம்னா எவ்ளோ தட்டு வரும்? செகண்டுக்கு ரெண்டு தட்டுன்னு வச்சா முந்நூத்தி அறுபது.”

“வரும்டி” என்றாள். பொய்யில் பிழை இல்லை. அதனால்தான் யாரும் அதைத் திருத்த முடிவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விழா நாளன்று அரங்கத்தின் வாசலிலேயே மூன்றாவது பொருள் தொடங்கிவிட்டது. கையுறை மாட்டிய இரண்டு உறுப்பினர்கள் மேசை போட்டுப் பிள்ளைகளின் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். புல்லாங்குழல் கொண்டுவந்த சிறுமியை நிறுத்தி, குழலில் எட்டு ஓட்டை இருப்பதாகக் குறித்துக்கொண்டு, உள்ளே காற்று மட்டுமே இருந்ததால் அனுமதித்தார்கள். களிமண் யானை செய்தவனிடம் யானைக்கு வயிற்றில் என்ன என்று கேட்டார்கள். களிமண் என்றான். நம்பாமல் பிளந்து பார்த்தார்கள். களிமண்தான்.

மகளின் முறை வந்தது. தண்ணீர் கேன்காரர் அவள் சட்டைப் பையைக் கவிழ்த்தார். பறவையையும் தூக்கிக் குலுக்கி, உள்ளேயிருந்து மினுங்கியதையெல்லாம் திருகி எடுத்தார்.

“கூர்மையான பொருள். பறிமுதல். பேரு?”

“ஸ்க்ரூ.”

“பொருளைக் கேக்கலம்மா, உன் பேரைக் கேட்டேன்.”

“ஸ்க்ரூ.”

“பொருள்?”

“ஸ்க்ரூ.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு ஏதாவது கழண்டிருக்கா?”

“இப்பத்தான் நீங்க கழட்டினீங்க” என்றாள் மகள்.

‘ஸ்க்ரூவிடமிருந்து ஸ்க்ரூ ஏழு’ என்று ரசீது கிடைத்தது. டிடிபி அக்கா தன் கொண்டையிலிருந்த ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். கணவன் சட்டைக் காலரிலிருந்து ஊக்கு ஒன்றைக் கொடுத்தான். இரண்டையும் வளைத்துச் சிறகை மாட்டிய மகள் முகத்தைச் சுளித்தாள்.

“பறக்கும். ஆனா ஒரு பக்கமா இழுக்கும்மா. ஸ்விட்ச்சும் போச்சு, ஆஃப் பண்ண முடியாது.” பிறகு ஓடிப்போய்த் தன் வகுப்புப் பிள்ளைகள் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். நிகழ்ச்சி வரைக்கும் யாரும் கை தட்டக்கூடாது, தட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று சொன்னாளாம். அது அரை மணி நேரத்தில் அரங்கம் முழுக்கப் பரவி, முந்நூறு பிள்ளைகள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பறவையை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் வந்தது. பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருந்தது.

“கலையா, தொழில்நுட்பமா?” என்றார் செயலாளர்.

“ரெண்டும்தான் சார்.”

“ரெண்டுல ஒண்ணுலதான் டிக் போட முடியும். சிறகு எது, மோட்டார் எதுன்னு பிரிச்சுக் குடு. சிறகை அந்த ஹால்ல வைக்கிறோம், மோட்டாரை இந்த ஹால்ல வைக்கிறோம்.”

“பிரிச்சா அது செத்துடும் சார்.”

செயலாளர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப மேடை அலங்காரம்னு போட்டுக்கறேன். அதுக்குக் கட்டமே கிடையாது” என்றார். இப்படியாகப் பறவை மேடையின் மேலே, குறுக்குக் கம்பியில் தொங்கியது. அதற்கு ஒரு முழம் பின்னால், தெர்மாகோலில் வெட்டி இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டிய எழுத்துகள்: மாணவர் சோதனை விழா. அந்தக் கொம்பைத் தனியாக வெட்டித் தனியாக ஒட்டியிருந்தார்கள். டிடிபி அக்காவின் கண் வேறெங்கும் போகவில்லை.

முதலாவது பொருளான பரிசோதனை ஒன்பதரைக்கு நடந்தது. பிள்ளைகள் செய்து கொண்டுவந்த பொருள்கள் ஒவ்வொன்றாகத் தலைவர் கடை மெத்தையின் மேல் இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கப்பட்டன. சோதனை வெற்றி என்றும், எந்த மெத்தைக்கும் சேதமில்லை என்றும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது.

பிறகு எழுத்துத் தேர்வு. அவளே அடித்த வினாத்தாள்தான். ஆனாலும் பிள்ளைகள் கையில் அதைப் பார்க்க அவளுக்குக் கூசியது. நாட்டியம் ஆட வந்தவளுக்கு, ‘நடனம் என்றால் என்ன? ஆடாமல் விளக்குக.’ தொட்டி நிறைந்தால் ஒலிக்கும் மணி செய்தவனுக்கு, ‘தொட்டி நிறைந்தது என்று உனக்கு யார் சொன்னது?’ மகளுக்கு, ‘உன் பறவை முட்டையிடுமா? இல்லையெனில் காரணம் கூறுக.’ மகள் எழுதினாள்: ‘இடும். முதலில் என் ஏழு ஸ்க்ரூவைக் கொடுக்கவும்.’

நாலாவது பொருள் துன்பம். அதற்கென்று அமைத்த துணைக்குழு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. தேவைப்படவில்லை. வரவேற்புரை இருந்தது.

வரவேற்புரையில் செயலாளர் தலைவரை வரவேற்றார். முன்னிலை உரையில் தலைவரை வரவேற்றதற்காகச் செயலாளரைப் பாராட்டினார்கள். ஆதரவாளர்கள் ஒன்பது பேரும் தாங்கள் எதற்கு ஆதரவு கொடுத்தோம் என்று விளக்கினார்கள். தண்ணீர் கேன்காரர், “இங்க ஒவ்வொரு பிள்ளை தொண்டை நனையும்போதும் என்னை நினைச்சுக்கட்டும்” என்றார். கேனில் தண்ணீர் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சிறப்பு விருந்தினர் இருபத்தொரு பக்கத்தைப் படித்தார். பதினாறாம் பக்கத்தில், “இந்த மாணவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, ஆனால் அதற்காக மனமாரப் பாராட்டுகிறேன்” என்றபோது அவரே ஒரு கணம் நிறுத்தித் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

யாரும் கை தட்டவில்லை. ஒருவருக்கும், ஒருமுறைகூட. பிள்ளைகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பெரியவர்கள் தூங்கினார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மெல்லக் கலங்கத் தொடங்கினார்கள். பறவை தலைகவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நாலே முக்காலுக்குத் தலைவர் நிறைவுரைக்கு எழுந்தார். ஐந்துக்கு அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும்.

“நேரமின்மை காரணமா, மாணவர் நிகழ்ச்சி அடுத்த வருஷம் நடக்கும்” என்று தொடங்கினார். “எனக்கும் வருத்தம்தான். ஆனா பாருங்க, திறமை எங்கயும் ஓடிப் போயிடாது. நாங்கதான் பிஸி.”

டிடிபி அக்கா மகளைப் பார்த்தாள். மகள் அழவில்லை. மேலே தொங்கும் பறவையைப் பார்த்துவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் ஆழமாக நுழைத்துக்கொண்டாள். தப்பு எங்கே என்று தெரிந்தும் சொல்லாமல் பேருந்தில் இருந்து இறங்கிப் போகிற முகம் அது. அந்த முகத்தை அவள் கண்ணாடியில் நிறையப் பார்த்திருக்கிறாள். பிரிண்டர் மோட்டார் தன் அச்சகத்திலிருந்து வந்தது, சரி. இதுவும் தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது.

“கடைசியா ஒண்ணு சொல்லிக்கறேன்” என்றார் தலைவர்.

டிடிபி அக்கா எழுந்து நின்று கை தட்டினாள்.

பதினாறு வருடம் விசைகளைத் தட்டிய கைகள். சத்தம் அவளுக்கே திடுக்கென்றது. தூங்கியவர்கள் விழித்தார்கள். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அன்று காலையிலிருந்து அந்த மேடைக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அவர் முகம் மெல்ல மெல்ல, புதிதாகப் பிரித்த மெத்தை போல மலர்ந்தது.

அவர் தலைக்கு மேலே பறவை ஒருமுறை சிறகடித்தது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பறவையைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். தொடைக்கு அடியிலிருந்து கைகள் வெளியே வந்தன. “தட்டுங்கடி!” என்று ஒரு குரல் விட்டாள் பாருங்கள், காலையிலிருந்து கட்டி வைத்திருந்த முந்நூறு ஜோடிக் கைகள் ஒரே சமயத்தில் அவிழ்ந்தன.

பறவை கிளம்பியது.

“நன்றி, நன்றி” என்றார் தலைவர். “கடைசியா ஒண்ணுன்னு சொன்னேன். நீங்க இவ்ளோ ஆசைப்படறதால இன்னும் நாலு சொல்றேன்.” தட்டினார்கள். பறவை அவர் தலைக்கு மேலே வட்டமடித்தது. “எல்லாரும் அண்ணாந்து பாக்கறீங்க. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாழ்க்கையில அண்ணாந்து பாக்கணும்!” கூரை அதிரத் தட்டினார்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக இறகுகள் மினுங்க, அது வேகம் பிடித்தது. வாயைப் பிளந்து பார்த்த பெரிய அதிகாரி இருபத்தொரு பக்கத்தையும் கீழே விட்டுவிட்டுத் தட்டினார். “இவ்வளவு நாள் நான் பேசினதெல்லாம் வீணோன்னு நெனச்சேன்” என்று தலைவர் தழுதழுத்தார்.

ஸ்க்ரூ இல்லாத பறவை ஒரு பக்கமாக இழுத்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதல் சுற்றில் ‘மா’வை உரசியது. இரண்டாவதில் ‘விழா’வுக்குக் காற்று வீசியது. டிடிபி அக்கா கடிகாரத்தையும் கொம்பையும் மாறி மாறிப் பார்த்தபடி உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். அவள் மனசுக்குள் பிழை திருத்தவில்லை. முதல் தடவையாக அது வெளியே நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சுற்றில், ஹேர்பின் மாட்டிய இடது சிறகு போய்க் கொம்பைச் சரியாகத் தட்டியது.

தெர்மாகோல் கொம்பு நாடாவோடு பிய்ந்து, ஆடி அசைந்து இறங்கி, தலைவரின் வழுக்கையில் வந்து பதமாக ஒட்டிக்கொண்டது. எடை இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் எழுத்துகள் மாணவர் சாதனை விழா என்று நின்றன. முன்னால் தலைவர் இரட்டைக் கொம்போடு நின்றார்.

“அடேயப்பா, உண்மையிலயே முளைச்சிடுச்சு” என்றான் அவள் கணவன்.

சிரிப்பு ஒரு பக்கம், கைதட்டல் ஒரு பக்கம். மகள் நாற்காலி மேல் ஏறி நின்று வாய்விட்டு எண்ணினாள். மூன்று நிமிடம் பத்து வினாடியில் பேட்டரி தீர்ந்தது. பறவை மெல்லத் தணிந்து, நூலில் இரண்டு முறை ஆடி நின்றது.

அது நின்ற பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. பக்கத்து வரிசை அப்பா ஒருவர், “யார் வீட்டுப் பொண்ணு செஞ்சதுங்க அது?” என்று கேட்டார். டிடிபி அக்கா, “எங்க வீட்டுப் பொண்ணு” என்றாள். மூன்று சொல். ஒரு பிழையும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. தலைவரின் நிறைவுரை வரலாறு காணாத வரவேற்பைப் பெற்றதால் விழாவை ஆண்டுதோறும் நடத்துவது. மேடையிலிருந்த கொம்பு ஒன்று காணாமல் போனது பற்றி விசாரிக்க மூவர் குழு அமைப்பது. கொம்பில்லாமல் நின்ற அந்த எழுத்துகளைப் பற்றிச் செயலாளர் மட்டும் வருத்தத்தோடு ஒரு குறிப்பு எழுதினார்: ‘மேடையில் பெரும் எழுத்துப் பிழை ஏற்பட்டுவிட்டது.’

ஏழு ஸ்க்ரூவும் ரசீதைக் காட்டியதும் திரும்பி வந்தன. எட்டாக வந்தன. எட்டாவது யாருடையது என்று கேட்டால் அதற்கும் ஒரு குழு அமைப்பார்கள் என்று மகள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அச்சகத்துக்கு அடுத்த ஆண்டு விழாவின் தாள் வந்தது. இந்த முறை சர்ச்சையே வரக்கூடாதென்று தலைப்பை மாற்றியிருந்தார்கள். சோதனையும் வேண்டாம், சாதனையும் வேண்டாம், பொதுவாகப் பாராட்டு விழா. செயலாளர் எழுதத் தொடங்குமுன் மை வருகிறதா என்று வழக்கம்போல ஒரு சுழி போட்டுப் பார்த்திருந்தார். கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. நடுவில் கொட்டை எழுத்தில்:

‘மாணவர் போராட்டு விழா.’

டிடிபி அக்கா போனை எடுத்தாள். எண்ணைப் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள். ‘உள்ளபடி’ முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, தாளில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.

சாயங்காலம் வீட்டில் மகள் அந்தத் தாளின் நகலைப் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தாள்.

“அம்மா, இதுல தப்பு இருக்கேம்மா.”

“எங்க?” என்றாள் அம்மா. “எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

மகள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். ஒரு கொசு டிடிபி அக்காவின் காதருகே பாடிக்கொண்டு வந்தது. அவள் இரண்டு கையையும் அகல விரித்து, பளார் என்று தட்டினாள்.

கூரையிலிருந்து பறவை கிளம்பியது. அதன் தலையில் கொண்டையாக, எட்டாவது ஸ்க்ரூவால் முடுக்கிய தெர்மாகோல் கொம்பு.

“கொசு செத்துச்சா?” என்றான் கணவன், குனிந்து வழிவிட்டபடி.